குழாய்க்கும் ஒயருக்கும் நடுவில்

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். கார் பாயவில்லை. இருமியது.

கடைசி வளைவுக்கு முந்தைய வளைவு அது. இரண்டு பக்கமும் மண்மேடு, நடுவே செங்குத்தாக ஏறும் தார்ச்சாலை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலை தெரியவில்லை, கரும்புகைதான் தெரிந்தது. கியரைக் குறைத்தாள். இன்ஜின் ஒரு நொடி சீறியது. அடுத்த நொடி, தண்ணீரில் மூழ்குகிறவன் போலத் திணறியது.

"நின்னுடாதே கண்ணு. இங்க நின்னுடாதே," என்று ஸ்டீயரிங்கைத் தட்டிக் கெஞ்சினாள்.

கெஞ்சலுக்கு மரியாதை கொடுத்து அது மேலே ஏறியது. முடிவுக் கோட்டைத் தாண்டியும் விட்டது. ஆனால் நேரப் பலகையில் விழுந்த நேரத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஹெல்மெட்டைக் கழற்றவே மனம் வரவில்லை. பட்டியலின் அடிமட்டம்.

கோட்டுக்கு அருகே வெள்ளைத் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய பந்தய அணியின் மேனேஜர். இந்த வருடம் அந்த அணியில் ஓர் இடம் காலி. மலையேற்றப் பந்தயம் முடிந்ததும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டில் எது நல்ல நேரமோ அதுதான் கணக்கு. ஒன்று கரும்புகையாகப் போய்விட்டது. மிச்சம் ஒன்று.

தொப்பி அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே, கூடாரத்தில், கார் வந்து நிற்பதற்குள் பானெட்டைத் திறந்துவிட்டான் அண்ணன். ஊரெல்லாம் அவனை வெல்டர் என்றுதான் கூப்பிடும். அந்தக் காரின் எக்ஸாஸ்ட் குழாய்கள் மொத்தமும் அவன் வளைத்து ஒட்டியவை. நான்கு குழாய்கள் இன்ஜினிலிருந்து பாம்புபோல நெளிந்து இறங்கி ஒன்றாகச் சேருமிடத்தில், வெல்டிங் கோடு தையல் மெஷினில் போட்டது மாதிரி ஓடும். வேறு கூடாரத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். பேசாமல் போவதுதான் அந்த உலகத்தில் பெரிய பாராட்டு.

"நான் சொன்னேன்ல," என்றான். "ஒயர்தான். போன தடவை மாதிரியே."

போன பந்தயத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். எக்ஸாஸ்ட் குழாயில் விரல் பருமனுக்கு ஓர் ஆக்சிஜன் சென்சார் திருகியிருக்கும். வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று மோந்து பார்த்துக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். வெல்டர் புதுக் குழாய் போட்டபோது சென்சாரின் இடம் மாறியது. அதன் ஒயர் குழாயின் மேல் படுத்துவிட்டது. பாதி மலையில் ஒயர் வெந்து, கார் நின்று, தங்கையோடு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒயரிங் முழுவதையும் பிரித்துப்போட்டுப் புதிதாக இழுத்தாள் அண்ணி.

அண்ணி என்றால் வெல்டரின் மனைவி. கார் ஒயரிங்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை முதலில் சொல்வதும் அவள்தான். நீளமான ஒயர் வால் வைத்த சென்சாராகத் தேடி வாங்கினாள். ஒயரைக் குழாய்ப் பக்கமே விடாமல், கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோனாள். வெள்ளி நிற உறை போட்டாள். உறை போட்டாயிற்றே, குழாயை ஒட்டிக் கட்டினால் என்ன என்று வெல்டர் கேட்டதற்கு அவள் கொடுத்த பதில் அந்த வட்டாரத்தில் பிரபலம்.

"கம்பளி போத்திக்கிட்டு அடுப்பு மேல உக்காருவீங்களா? உறை தூரத்துச் சூட்டைத்தான் திருப்பி விடும். தொட்டா அதுவும் சேர்ந்து வேகும். குழாய்க்கும் ஒயருக்கும் நடுவுல ஒரு விரல் காத்து இருக்கணும். காத்துதான் கவசம், மத்ததெல்லாம் அலங்காரம்."

அந்த ஒயரிங்கைப் பக்கத்துக் கூடார மீசைக்காரர் கூடச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்.

இப்போது அதே மீசைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "என்னக்கா, உங்க ஒயருமா வெந்துச்சு?"

"இன்னும் பாக்கவே இல்ல. அதுக்குள்ள துக்கம் விசாரிக்க வந்துட்டீங்க," என்றாள் அண்ணி.

காருக்கு அடியில் அவள் நுழைந்தாள். வெல்டர் டார்ச் அடித்தான். தங்கை, வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. காலையில் அவள் விரல் நகத்தோரம் சிவப்பாக எதையோ பார்த்துவிட்டு அண்ணன், "நெயில் பாலிஷ் போட்டா வண்டி வேகமாப் போகுமா வாண்டு?" என்று கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். அப்போது போட்ட கையுறை.

அடியில் அண்ணியின் விரல்கள் ஒயரின் மேல் ஊர்ந்தன. அவளுக்குக் கண்ணைவிட விரல்தான் நம்பிக்கை. சென்சாரில் தொடங்கி, உறையை நீவி, ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டு, பின்பக்கத்தில் ஒயரைக் காரோடு இணைக்கும் கனெக்டர் வரைக்கும் போனாள். கனெக்டரைப் பிடித்தாள். விரல்கள் நின்றன.

அதைத் தன் பக்கம் திருப்பினாள். மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள்.

டார்ச் வெளிச்சம் அவள் தோளில்தான் விழுந்தது. முகம் இருட்டில் இருந்தது.

"என்ன?" என்றான் வெல்டர்.

காருக்கு அடியிலிருந்து அவள் தலையைத் திருப்பியபோது நேராகத் தெரிந்தவை வாண்டுவின் ஷூக்கள். வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

"என்னன்னு கேக்கறேன்."

"ஒயர் வெந்துடுச்சு," என்றாள் அண்ணி. "என் தப்பு."

வெல்டர் டார்ச்சோடு குனிந்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இரண்டு சொற்களை வெல்டர் கேட்டதில்லை. உப்பு அதிகமானால் நாக்கைக் குறை சொல்கிறவள். மீசைக்காரர் தன் கூடாரத்தை நோக்கி வேகமாக நடந்தார். இந்தச் செய்தியை முதலில் சொல்லும் பாக்கியத்தை விட அவருக்கு மனமில்லை.

"காட்டு, பாக்கலாம்," என்றான் வெல்டர்.

"இது என்ன பொருட்காட்சியா? சென்சாரோட மாத்தணும். இருபத்திரண்டு நம்பர் ஸ்பேனர் எடுங்க. ஈரத்துணியும்."

"அண்ணி," என்றாள் வாண்டு. "ஒயருக்கு எப்படி… நேத்து சாயங்காலம் நான்கூட…"

"ஏய். நீ இங்க உக்காந்து என் மானம் போறதை வேடிக்கை பாக்காதே. போய்க் கண்ணை மூடிக்கிட்டு மலையை ஒரு தடவை ஓட்டிப் பாரு. மூணாவது வளைவுல சீக்கிரம் பிரேக் போடற. உங்க அண்ணன்கிட்ட கேட்டா ஆமாம்பாரு."

"ஆமா," என்றான் அண்ணன், எதற்கு என்று தெரியாமலே.

வாண்டு எழுந்து போனாள்.

சூடான குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றுவது லேசு அல்ல. மரை இறுகியிருக்கும், அவசரப்பட்டால் மரையே கையோடு வந்துவிடும். வெல்டர் ஸ்பேனரைப் போட்டு, மூச்சை அடக்கி, இழுக்காமல் அழுத்தம் மட்டும் கொடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். கிறீச் என்று ஒரு சத்தம். அசைந்தது. அந்தக் கைக்குத் தெரியும், எங்கே நிறுத்த வேண்டும் என்று.

சென்சார் வெளியே வந்ததும், அவன் பார்ப்பதற்குள் அண்ணி உறையை உருவிவிட்டு அதை வாலோடு ஈரத்துணியில் சுருட்டித் தன் வேலைச்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். காரோடு இருந்த மறுபாதிக் கனெக்டருக்குள் ஊசி விட்டு எதையோ நோண்டி எடுத்தாள். அதையும் பையில் போட்டாள்.

"புதுசு எங்க?"

அங்கேதான் சிக்கல் காத்திருந்தது. பெட்டியில் இருந்த மாற்றுச் சென்சார் கம்பெனிக் காருக்கு வருவது. அதன் வால் குட்டை. கியர்பாக்ஸைச் சுற்றி வர எட்டாது. குழாயை உரசிக்கொண்டு நேராகப் போனால்தான் கனெக்டரைத் தொடும். எந்த இடத்தில் போன தடவை வெந்ததோ, அதே இடம்.

ஒலிபெருக்கியில் இரண்டாவது ஓட்டத்துக்கு முதல் காரைக் கூப்பிட்டார்கள்.

"ஒயரை ஒட்டுப் போட்டு நீட்டலாம்ல," என்றான் வெல்டர்.

"இந்தச் சூட்டுல ஈயம் உருகி ஒழுகும். அழுத்தி ஒட்டலாம்னா அதுக்கான சாமான் வீட்டுல இருக்கு. வேற வழி சொல்லுங்க."

"அப்போ தகடு வைக்கணும். குழாய்க்கும் ஒயருக்கும் நடுவுல."

"ஒத்தைத் தகடு பத்தாது. தகடே சூடாகி ஒயரைச் சுடும். ரெண்டு தகடு வேணும், நடுவுல காத்தோட." அவள் பேசிக்கொண்டே கூடாரத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். ஜாக்கி. டயர். கருவிப் பெட்டி. அதன் மேல் வெல்டரின் ஃப்ளாஸ்க்.

வெல்டர் அவள் பார்வையைத் தொடர்ந்தான். முகம் வெளுத்தது.

"வேணாம்," என்றான்.

"ஸ்டீல். ரெட்டைச் சுவர். நடுவுல வெத்திடம். உள்ள இருக்கிற டீயோட சூட்டை வெளிய விடாதுன்னா, வெளிய இருக்கிற சூட்டையும் உள்ள விடாது. வெட்டினா வெத்திடம் போயிடும், இடைவெளி போகாது."

"அதுல டீ இருக்கு."

"குடிச்சிடுங்க."

அந்த ஃப்ளாஸ்க்கை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. தங்கையே ஒரு வாய் கேட்டால் மூடியில் ஊற்றித்தான் தருவான். இப்போது நின்றபடியே கொதிக்கக் கொதிக்கக் குடித்தான், மருந்து குடிப்பவன் முகத்தோடு. பிறகு அதை வைஸ் பிடியில் இறுக்கி, இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடை எடுத்தான்.

வெட்டத் தொடங்கியதும் அவன் வேறு ஆளாகிவிட்டான்.

நெடுக்கில் ஒரு கோடு. நேரே எதிரில் இன்னொரு கோடு. அளவுகோல் வைக்கவில்லை. இரும்புத்தூள் சட்டையில் தெறித்தது. ஃப்ளாஸ்க் இரண்டாகப் பிளந்து, தண்ணீர் ஓடும் ஓடை மாதிரி ஒரு பாதி அவன் கையில் நின்றது. வெளிச்சுவர், உள்சுவர், நடுவே மெல்லிய சந்து. ஓரத்தை அரத்தால் தேய்த்தான். தேய்த்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, இன்னும் தேய்த்தான். கூர் ஓரம் ஒயரை அறுத்துவிடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"எதுல பிடிக்கிறது?" என்று கேட்டாள் அண்ணி, ஓரத்தைத் தானும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவள் உதட்டில் தெரிந்தது.

"குழாயில பிடிச்சா குழாய்ச் சூடு நேரா ஏறும். கியர்பாக்ஸ் போல்டுல இருந்து ஒரு கை நீட்டறேன்."

"ம்."

அந்த 'ம்' அவனுக்குப் போதுமாக இருந்தது. இரும்புப் பட்டை ஒன்றை வளைத்தான். போல்டில் மாட்டினான். ஃப்ளாஸ்க் பாதி, குழாயையும் தொடாமல் ஒயரையும் தொடாமல், இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. பழைய வெள்ளி உறையைப் புது ஒயருக்கு மாட்டினாள் அண்ணி. ஸ்டீல் டை என்னும் கட்டுப்பட்டையால் கட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் விரலை நுழைத்துப் பார்த்தாள். குழாய், விரல், ஃப்ளாஸ்க். ஃப்ளாஸ்க், விரல், ஒயர்.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கையை நீட்டுவாள். கேட்காமலே கட்டர் வரும். அவன் தோளைச் சாய்ப்பான். சொல்லாமலே வெளிச்சம் நகரும். வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட ஒத்துப்போகாத ஜோடி அது.

ஒலிபெருக்கியில் அவர்களின் எண் வந்தது.

வாண்டு ஓடி வந்தாள். "ஆச்சா?"

"ஆச்சு. ஏறு," என்றாள் அண்ணி.

"வேகாதே?"

அண்ணி அவள் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இங்க பாரு. வண்டியில என்ன தப்பு நடந்தாலும் அது என் தப்பு. உன் தப்பு ஒண்ணே ஒண்ணுதான், மூணாவது வளைவு. அதை மட்டும் நீ பாத்துக்கோ. மத்ததை எங்கிட்ட விட்டுட்டுப் போ."

வாண்டு தலையை ஆட்டினாள். தோள்கள் இறங்கின. கால் தட்டுவது நின்றிருந்தது.

கொடி விழுந்தது.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இருமல் இல்லை. கார் தொண்டையைத் திறந்து ஒரே சுருதியில் கத்திக்கொண்டு ஏறியது. முதல் வளைவு. இரண்டாவது. மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் கூடாரத்துக்காரர்கள் எல்லாரும் காதைத்தான் தீட்டினார்கள். மூன்றாவது வளைவுக்கு முன்னால் சத்தம் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. வெல்டர் தன் மனைவியின் கையைப் பிடித்தான். இன்னும் இறங்கவில்லை. பிறகு சட்டென்று இறங்கி, உடனே ஏறியது.

"போட்டுட்டா," என்றாள் அண்ணி மெதுவாக. "தாமதமா போட்டுட்டா. ராட்சசி."

இனி மலையின் மேல்பாதி. குழாய் செக்கச்செவேல் என்று பழுக்கும் இடம். போன தடவை அங்கேதான் ஒயர் போனது. வெல்டர் புகைக்காகக் காத்திருந்தான். வானம் சுத்தமாக இருந்தது. கீழே இருந்த பலகையிலும் ஒரு நேரம் விழுந்தது. மீசைக்காரர் தன் கூடாரத்திலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

பட்டியலின் உச்சியில் அவர்கள் எண்.

இறங்கி வந்த காரின் அடியில் முதலில் புகுந்தது வெல்டர்தான். ஃப்ளாஸ்க்கின் குழாய்ப் பக்கம் நீலமும் ஊதாவுமாகக் கருகியிருந்தது. உள்பக்கத்தில், ஒயரைப் பார்த்த சுவரில், பழைய டீக்கறை கூட அழியவில்லை. ஒயரைத் தொட்டான். வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

கடைசிக் காரும் ஓடி முடிந்ததும் வெள்ளைத் தொப்பி அம்மாள் மேலிருந்து இறங்கி வந்தாள். வாண்டுவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு அவளை மேஜைக்கு அழைத்துப்போனாள், அணியில் சேரக் கையெழுத்துப் போட. வாண்டு திரும்பித் திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

"கட்டர் எங்க வச்சே? டையை வெட்டணும்," என்றான் வெல்டர்.

"பையில பாருங்க." அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் தொங்கிய வேலைச்சட்டையை ஞாபகமில்லாமல் காட்டிவிட்டாள். ஞாபகம் வந்தபோது தாமதமாகியிருந்தது.

அவன் கையில் ஈரத்துணிச் சுருள் இருந்தது. பிரித்தான். பழைய சென்சார். நீண்ட வால். வெள்ளி உறையைக் கழற்றிவிட்ட ஒயர் முழுவதையும் விரலால் நீவினான். புது ஒயர். ஓரிடத்திலும் கருகல் இல்லை. ஒரு கொப்புளம் இல்லை.

"இது வேகவே இல்லையே."

"கொடுங்க இப்படி."

"வெந்துடுச்சுன்னு சொன்னே. என் தப்புன்னு சொன்னே. மீசை ஊர் பூரா சொல்லிட்டான்."

"சொல்லட்டும்."

அவன் ஒயரின் நுனிக்கு வந்தான். கனெக்டரின் பின்பக்கம், ஒயர்கள் உள்ளே நுழையும் துளைகளை எல்லாம் அடைத்துக்கொண்டு, சிவப்பாக ஒரு கட்டி. அழுத்தினான். மேலே காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் கொழகொழப்பு. வினிகர் நெடி. குழாய் மூட்டுகளுக்கு அவன் பூசும் சூடு தாங்கும் பசை. அவனுடைய டியூப்.

"நான் இதை இங்க பூசலையே."

"நீங்க பூசலைன்னு தெரியும்."

"பூசினா என்ன? சூடு தாங்குமே. பாதுகாப்புதானே?"

அண்ணி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "சென்சார் புகையை மட்டும் மோந்தா பத்தாது. வெளிக்காத்தையும் மோந்து, ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்லும். அந்த வெளிக்காத்து அதுக்கு எந்த வழியா வருது தெரியுமா? இந்தக் கனெக்டர் வழியா, ஒயருக்குள்ள இருக்கிற சந்து வழியா. ஒயர்லதான் அது மூச்சு விடுது. இதை அடைச்சா மூக்கைப் பொத்தின மாதிரி. பெட்ரோல் பத்தலைன்னு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் ஊத்திக்கிட்டே இருக்கும். அதான் கரும்புகை."

வெல்டர் அந்தச் சிவப்புக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ மிகுந்த அக்கறையோடு பூசியிருந்தார்கள். ஒரு துளை விடாமல், ஓரமெல்லாம் விரலால் வழித்து, சமமாக. மறுபடி வேகக்கூடாது, மறுபடி கயிறு கட்டி இழுத்து வரக்கூடாது என்று பயந்த விரல்.

"இதை யாரு செஞ்சது?"

"அவளுக்குத் தெரிய வேணாம்," என்று மட்டும் சொன்னாள் அண்ணி.

வெல்டர் நிமிர்ந்து மேஜைப் பக்கம் பார்த்தான். வாண்டு குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா பிடிப்பதற்காகக் கையுறையைக் கழற்றியிருந்தாள். ஆள்காட்டி விரலின் நகத்தோரம், காலையில் அவன் நெயில் பாலிஷ் என்று கிண்டலடித்த சிவப்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அவன் கையிலிருந்த கட்டியின் அதே சிவப்பு.